சாதி கூடவே வருகிறது. சான்றிதழ் எல்லையில் நின்றுவிடுகிறது!

வெளிமாநிலத் தமிழர்களில் ஒரு பகுதியினர் சுமக்கும் பல சுமைகள்

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்பது பழமொழி. அதை விதியின் விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

விதி அல்ல. ஒரு முறை அடிபட்டவன் நொண்டி நடக்கிறான். நொண்டி நடப்பவனுக்கு அடுத்த கல் எளிதில் தடுக்குகிறது. முதல் அடிதான் இரண்டாவது அடிக்கு வழி செய்து கொடுக்கிறது.

பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் சென்ற தமிழர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்வார்கள். ஒருவருக்கு மொழியால் தொல்லை. ஒருவருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. ஒருவரைச் சாதி சொல்லி ஒதுக்குகிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஆணை விடக் கூலி குறைவு.

இந்த நான்கும் ஒரே ஆள் தலையில் விழுந்தால்?

நான்கு தனித்தனிக் குறைகள் என்று எண்ணிக் கூட்டிவிட முடியாது. ஒன்று மற்றொன்றுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஒன்றைத் தள்ளப் போனால் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்கின்றன. அதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒரே மொழி, இரண்டு வாழ்வு

மும்பையில் மாட்டுங்கா இருக்கிறது, தாராவி இருக்கிறது. நடுவே ரயில் பாதை. நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான்.

மாட்டுங்காவில் அந்தக் காலத்திலேயே படித்து, ஆபீஸ் வேலைக்கு வந்த மேல்சாதித் தமிழர்கள் குடியேறினார்கள். கோயில், சங்கீத சபை, காய்கறிக் கடை என்று ஒரு சிறிய மயிலாப்பூரே அங்கே உருவானது.

தாராவிக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையின் ஏழைகள். ஆதிதிராவிடர்கள் பெருமளவில் வந்தார்கள். நாடார்களும் முஸ்லிம்களும் வந்தார்கள். தோல் பதனிடும் தொழில் பலருக்கு முதல் வேலை கொடுத்தது. ஊரில் எந்தச் சாதியைத் தோலோடும் துர்நாற்றத்தோடும் சேர்த்து ஒதுக்கினார்களோ, அதே சாதிக்கு நகரத்திலும் அதே தோல்தான் வாய்த்தது.

1966-ல் சிவசேனை தொடங்கப்பட்டது. தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்று கிளர்ச்சி நடந்தது. அந்த நாட்களில் 'மதராசி' என்ற ஏச்சு மாட்டுங்காக்காரர் காதிலும் விழுந்தது. தாராவிக்காரர் காதிலும் விழுந்தது.

ஏச்சு ஒன்றுதான். ஆனால் அதைத் தாங்கும் சக்தி ஒன்றாக இல்லை. ஒருவருக்குப் பட்டம் இருந்தது, நிரந்தர வேலை இருந்தது, சொந்தப் பெயரில் வீடு இருந்தது. மற்றவருக்குக் குடிசையும் தினக்கூலியும்தான். ஏச்சு நின்றதும் முதலாமவர் மறுபடி 'அய்யர் சாப்' ஆனார். இரண்டாமவருக்குத் தமிழர் கூட்டத்திலும் தள்ளித்தான் இடம் கிடைத்தது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்

இப்படி ஒரு குடும்பம் தாராவியின் எந்தச் சந்திலும் இருக்கலாம். நெல்லை மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஆதிதிராவிடக் குடும்பம். கணவர் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு.

மகள் மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படிக்கத் தொடங்கியவள். மேல்வகுப்புக்கு வேறு மொழிக்கு மாறினாள். அதனால் மதிப்பெண் குறைந்தது. மதிப்பெண் குறைந்ததால் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. அதற்குப் பணம் வேண்டும். தாய் ஐந்தாவது வீட்டைப் பிடித்தார். தாய் இல்லாத நேரத்தில் சமையலும் தண்ணீர் பிடிப்பதும் மகள் பொறுப்பு. மகனாக இருந்தால் அந்த வேலை அவன் தலையில் விழுந்திருக்காது. ஆகவே படிக்கும் நேரம் இன்னும் குறைந்தது.

தாய் வேலை செய்யும் வீட்டில் தனி டம்ளர். அது சாதியாலா, வேலைக்காரி என்பதாலா? கேட்டால் "சுத்தத்துக்காக" என்பார்கள். சாதி என்று நிரூபிக்க முடியாது. கூலி உயர்வு கேட்டால், "மராத்தி ஒழுங்காகப் பேசத் தெரியாதவளுக்கு இதுவே அதிகம்" என்று பதில் வரும். போலீசுக்குப் போனால் அங்கும் மொழி தடை. வேலையை விட்டால் வாடகை நிற்கும்.

இதில் எது மொழி, எது சாதி, எது வறுமை, எது பெண் என்பதால் வந்தது? பிரித்துச் சொல்ல முடியுமா? கயிற்றில் நான்கு இழைகள் முறுக்கிக் கிடப்பது போலத்தான். இழை ஒவ்வொன்றும் மெலிது. முறுக்கிய பிறகு அறுக்க முடிவதில்லை.

ஆனால் அரசாங்கத்தின் ஏற்பாடு வேறு. சாதிக்கு ஒரு ஜன்னல். பெண்களுக்கு ஒரு ஜன்னல். தொழிலாளிக்கு ஒரு ஜன்னல். சிறுபான்மை மொழிக்கு ஒரு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலிலும் இருப்பவர் அடுத்த ஜன்னலைக் கை காட்டுகிறார்.

1950 ஆகஸ்ட் 10

இந்தக் குடும்பத்தின் மகள் கல்லூரியில் தாழ்த்தப்பட்டோருக்கான இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவின்படி தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் பட்டியல் மாநிலவாரியாகத்தான் இருக்கிறது. முதல் பட்டியல் 1950 ஆகஸ்ட் 10-ந் தேதி குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது. மராட்டியப் பட்டியலில் மகார், மாங், சாம்பார் என்று பல பெயர்கள் உண்டு. ஆதிதிராவிடர், பள்ளர், பறையர் என்ற பெயர்கள் அதில் இல்லை.

இன்னொரு பூட்டும் உண்டு. மராட்டியத்தில் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் வாங்க, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் அந்த மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தாத்தா குடிசையில் இருந்தார். குடிசைக்கு ஏது பட்டா? தாத்தா பள்ளிக்கூடம் போகவில்லை. போகாதவருக்கு ஏது பள்ளிச் சான்று? சாதியின் காரணமாகக் கிடைக்காமல் போன காகிதத்தைத்தான் சாதியை நிரூபிக்கக் கொண்டுவரச் சொல்கிறார்கள்!

தமிழ்நாட்டில் முயன்றாலோ, "பிள்ளை படித்தது வேறு மாநிலத்தில் ஆயிற்றே, பூர்வீகச் சான்று எங்கே?" என்ற கேள்வி வரும்.

உச்ச நீதிமன்றம் சொன்னது

இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்த ஒரு பழங்குடி மாணவர். அவருடைய தந்தை பழங்குடியினருக்கான இடத்தில் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பெற்றவர். அந்த வேலை காரணமாகவே குடும்பம் பம்பாய்க்கு வந்தது. அப்போது சிறுவனுக்கு வயது 9. 1985-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, "உங்கள் சாதி ஆந்திராவில்தான் பழங்குடி" என்று மறுத்துவிட்டார்கள்.

1990-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர், குடிபெயர்ந்து போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்பதே தீர்ப்பு. 2018-ல் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது. டெல்லியில் மட்டும் அகில இந்திய அளவிலான ஒதுக்கீடு செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள்.

நீதிமன்றம் சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சாதி எந்த அளவுக்குப் பின்தங்கியிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறுபடும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் பங்கு கொடுத்தால், உள்ளூர் மகார், மாங் பிள்ளைகளின் பங்கு குறையும். இந்தக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. அவர்களும் அடிபட்டவர்களே.

ஆனால் வேலை நிமித்தமாக இடம் மாற நேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்காகப் பாராளுமன்றமும் சட்டசபைகளும் தகுந்த சட்டம் செய்ய எண்ணிப் பார்க்கலாம் என்றும் 1990 தீர்ப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தீர்ப்பின் முதல் பாதியை எல்லா அலுவலகங்களும் கடைப்பிடிக்கின்றன. இரண்டாம் பாதியை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

கோலாரில் உண்டு, தாராவியில் இல்லை

கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் விசித்திரம் விளங்கும்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஆதிதிராவிடர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். மேலே வெள்ளைக்கார அதிகாரி. அவருக்குக் கீழே ஆங்கிலோ இந்தியர். கணக்கு எழுத மேல்சாதிக்காரர். பூமிக்கு அடியில் பாறை உடைக்க ஆதிதிராவிடர். நிறமும் சாதியும் கூலியும் ஒரே ஏணியாக நின்றன. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. பாறைத் தூசி நெஞ்சில் படிந்து நோயாளியானவர்கள் ஏராளம்.

அங்கேயும் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. படிப்பகங்கள் தோன்றின. தொழிற்சங்கங்கள் வலுத்தன. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பெங்களூருக்கு ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வருவதே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஆயிற்று.

ஆனால் ஒன்று: கர்நாடகப் பட்டியலில் ஆதிதிராவிடர் என்ற பெயர் இருக்கிறது. அதனால் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க வழி உண்டு. அண்ணன் தங்கவயலுக்கும் தம்பி தாராவிக்கும் போயிருந்தால், அண்ணன் பேரன் தாழ்த்தப்பட்டவன். தம்பி பேரன் பொதுப் பிரிவு. இருவரையும் ஊரில் திருவிழாவுக்கு அழைத்துப் போனால் இருவருக்கும் சேரியில்தான் இடம்!

மாநிலம் தாண்டக்கூட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே வண்ணார் சமூகத்தினர் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பழைய திருவிதாங்கூர் எல்லை அழிந்து பல காலம் ஆகியும் பட்டியலில் அது அழியவில்லை.

செருப்புத் தைப்பவரின் வழக்கு

சாதியோடு மதமும் சேர்ந்தால் என்ன ஆகும்? இதற்கும் ஒரு வழக்கு உண்டு.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு தொழிலாளி. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1982-ல் சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. அதே தொழில், அதே வெயில்; மதம் மட்டும் வேறு.

1950 ஆணையின்படி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும்தான் தாழ்த்தப்பட்டோர் தகுதி உண்டு. கிறிஸ்தவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று போதிய ஆதாரம் காட்டவில்லை எனக் கூறி 1985-ல் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. பல கிராமங்களில் கிறிஸ்தவர்களுக்கும் சாதிவாரியாகக் கல்லறை இருப்பது ஊரார் அறிந்த உண்மை. அதைக் கோர்ட்டில் ஆதாரமாக்கிக் காட்டும் வசதி, தெருவோரத் தொழிலாளிக்கு எங்கே இருக்கும்?

'இரண்டையும் சேர்த்துக் கேட்காதே'

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு ஆபீஸ் ஊழியர்களுக்கு எளிதில் விளங்கும். சீனியாரிட்டி விவகாரம் அது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை அநேகமாக வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்கள். ஆட்குறைப்பு வந்தபோது, "கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே" என்ற விதிப்படி அவர்கள் போனார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். "பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்களே" என்றது கம்பெனி தரப்பு. அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். நிறத்துக்கு ஒரு வழக்கு, பெண் என்பதற்கு ஒரு வழக்கு என்று போடலாம். இரண்டையும் கலந்து புதிய உரிமை கேட்க முடியாது என்று 1976-ல் நீதிமன்றம் கூறிவிட்டது. கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை 1989-ல் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான், குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் பாகுபாடு பற்றி எழுதினார்.

நம் நாட்டில் இந்தச் சிந்தனை புதிதல்ல. சாதி வெறும் மேல், கீழ் என்ற இரண்டு தட்டு அல்ல. படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றார் டாக்டர் அம்பேத்கர். ஒவ்வொரு படியில் நிற்பவனும் தனக்குக் கீழே ஒருவன் இருப்பதில் ஆறுதல் அடைவதால் ஏணி விழாமல் நிற்கிறது. கடைசிப் படியிலும் கீழே நிற்பவள் பெண்.

அதன் விலை என்ன? மேல்சாதிப் பெண்களை விடத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று ஐ.நா. மகளிர் அமைப்பின் 2018 அறிக்கை கூறுகிறது. ஆயுளிலேயே 14 ஆண்டுகள்!

2021-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கு ஒன்றில் இதைப் பற்றி விரிவாகவே பேசியது. பலாத்காரம் செய்யப்பட்டவர் கண் பார்வையற்ற, தாழ்த்தப்பட்ட வகுப்பு இளம்பெண். சாதி, பெண் என்ற நிலை, ஊனம் மூன்றும் சேர்ந்தே அவரை ஆதரவற்றவர் ஆக்கின என்பதை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதித்த தண்டனை நிற்கவில்லை. சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்கு அரசுத் தரப்பு தனியாக ஆதாரம் தரவில்லை! குற்றம் நடந்த பிறகு, 2016 ஜனவரி முதல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் இன்ன வகுப்பு என்று தெரிந்து செய்திருந்தாலே இப்போது போதும்.

ஒரு நல்ல தீர்ப்பு

2023-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியினர் ஒருவர் தம் சொந்த மாநிலத்தில் மட்டுமல்ல, நாட்டின் எந்த மூலையில் வன்கொடுமைக்கு ஆளானாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவரைக் காக்கும் என்பதே அது. அந்த மாநிலப் பட்டியலில் அவர் சாதி இல்லை என்ற சாக்கு செல்லாது.

அதாவது, ரயில் ஏறியதால் சாதி இழிவு ஒருவரை விட்டு இறங்கிவிடுவதில்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. அடிபடும்போது அவர் தாழ்த்தப்பட்டவர்தான். அப்படியானால் படிக்கும்போதும் வேலை கேட்கும்போதும் மட்டும் அவர் எப்படி வேறு ஆளாகிவிடுகிறார்? இந்தக் கேள்விக்குப் பாராளுமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளின் பங்கில் கை வைக்காமல், குடிபெயர்ந்தவர்களுக்கென்று கூடுதல் இடம் ஏற்படுத்துவது சட்டம் செய்கிறவர்களால் முடியாத காரியம் அல்ல.

செய்யக்கூடியது என்ன?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வழிகள் உண்டு.

முதலாவது, சொந்த ஊர்த் தாசில்தாரிடம் தந்தை பெயரில் சாதிச் சான்றிதழ் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது கல்யாணம், கொடை என்று நாள் கழிந்துவிடுகிறது. ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால் பிள்ளைகள் காலத்துக்கும் உதவும்.

இரண்டாவது, தந்தையின் அசல் சான்றிதழைக் காட்டினால், குடிபெயர்ந்த மாநில அதிகாரியே பிள்ளைக்கு 'குடிபெயர்ந்தோர்' என்ற முறையில் சான்றிதழ் வழங்கலாம் என்று 1982-லேயே மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியிருக்கிறது. விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மத்திய அரசு வேலை, ரயில்வே, பொதுத்துறை வங்கி, ஐ.ஐ.டி., அகில இந்திய ஒதுக்கீட்டு மருத்துவ இடங்கள் ஆகியவற்றுக்குச் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். மாநிலக் கல்லூரியில் மறுத்ததும் எல்லாக் கதவும் அடைபட்டதாக எண்ணிப் படிப்பை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம்.

நான்காவது, தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு என்றும், அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்கு வெளியே, பணம் கட்டி வீடு என்றும் விதி அறிவிக்கப்பட்டிருக்கிறது. இங்கும் காகிதம்தான் பேசப் போகிறது. மின்சார ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் மனைவியின் பெயரும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணவர் இறந்த பின் பெயர் இல்லாமல் அலைவது எப்போதும் பெண்தான்.

கடைசியாக ஒன்று. வெளிமாநிலங்களில் நமக்குத் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. சாதிச் சங்கங்களும் உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடக்கின்றன. மொழிக்கு ஆபத்து என்றால் தமிழ்ச் சங்கம் பேசும். சான்றிதழ் பிரச்சினை என்றால், "அது அவர்கள் சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுங்கிவிடும். அரசாங்கத்தின் ஜன்னல்கள் ஒன்றையொன்று கை காட்டுவதைக் குறை சொல்கிற நாம், நம் சங்கங்களிலும் அதே ஜன்னல்களைத்தான் வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், விவரம் தெரிந்த இரண்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்து சான்றிதழ், ரேஷன் கார்டு, கல்லூரி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேடையும் ஒலிபெருக்கியும் தேவையில்லை. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, கொஞ்சம் வெள்ளைக் காகிதம். வருகிறவரின் சாதி என்ன, ஊர் என்ன என்று கேட்பதற்கு முன்னால், உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி.